பேராசிரியர் எங்கே போனார்? ‘ஸ்பேஸ்: 1999’ தொடரின் இரண்டு சீசன்கள் – ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குத் திரை கட்டுவோம். திரை என்றால் நாலு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்தது. புரொஜெக்டர் நண்பர் ஒருவருடையது. தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வருவார்கள். ஓடுவது பழைய அறிவியல் புனைகதைத் தொடர்கள். வசனம் ஆங்கிலத்தில் போகும். நான் ஓரமாக உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன்.

அப்படித்தான் ‘ஸ்பேஸ்: 1999’ முதல் சீசனை வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்தோம். 24 அத்தியாயங்கள். மழை நாள், கல்யாண நாள் எல்லாம் போக ஏழு மாதம் ஆனது. அடுத்த ஞாயிறு இரண்டாவது சீசனின் முதல் அத்தியாயத்தைப் போட்டேன். பத்து நிமிடம் ஓடியிருக்கும். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் கூட்டத்தில் உண்டு. ஒரு வாரம் தவறாமல் வருபவர். அவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்: “தம்பி, அந்தப் பேராசிரியர் எங்க?”

“வரமாட்டார் ஐயா. இந்த சீசன்ல அவர் இல்லை.”

“இல்லைன்னா? செத்துட்டாரா?”

“அது... சொல்ல மாட்டாங்க ஐயா.”

அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அத்தியாயம் முடிந்ததும் நாற்காலியை மடித்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் வரவில்லை. ஏழு மாதம் ஒழுங்காக நடந்த கூட்டம் மூன்று வாரத்தில் பாதியானது. ஏன் என்று யோசித்து, தொடரின் கதையையும் அது தயாரான கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் வந்ததுதான் இந்த ஆய்வு.

தொடர் எது

ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் தம்பதி உருவாக்கிய பிரிட்டிஷ் தொடர் இது. பொம்மைகளை வைத்து ‘தண்டர்பேர்ட்ஸ்’ எடுத்தவர்கள். பணம் போட்டது லூ கிரேடின் ஐடிசி நிறுவனம். முதல் சீசனுக்கு இத்தாலியின் ராய் தொலைக்காட்சியும் கூட்டு. பைன்வுட் ஸ்டுடியோவில் 1973 கடைசியில் படப்பிடிப்பு தொடங்கி 1975 பிப்ரவரி வரை போனது. 1975 செப்டம்பரில் ஒளிபரப்பு ஆரம்பம்.

கதை எளிது. நிலவின் மறுபக்கத்தில் பூமியின் அணுக்கழிவுகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். 1999 செப்டம்பர் 13 அன்று அது வெடிக்கிறது. நிலவு சுற்றுப்பாதையை விட்டே பிய்த்துக்கொண்டு விண்வெளியில் ஓடுகிறது. அங்கே ஆல்ஃபா தளத்தில் இருக்கும் 311 பேரும் அதோடு போகிறார்கள். நிலவைத் தள்ளும் அளவு வெடிப்பு என்றால் நிலவே தூள் தூளாகுமே என்று ஐசக் அசிமோவ் அப்போதே எழுதினார். எங்கள் மாடியிலும் ஒரு கல்லூரிப் பையன் முதல் வாரமே அதைத்தான் கேட்டான். ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. இயற்பியலில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தே ஏழு மாதம் உட்கார்ந்தவர்கள், ஒரு ஆள் காணாமல் போனதும் எழுந்துவிட்டார்கள். என்னை உறுத்தியது அதுதான்.

தளபதி ஜான் கோனிக்காக மார்ட்டின் லாண்டவ், மருத்துவர் ஹெலினா ரஸ்ஸலாக பார்பரா பெயின். நிஜ வாழ்விலும் கணவன் மனைவி. மூன்றாவதாக, பேராசிரியர் விக்டர் பெர்க்மன். நடித்தவர் பாரி மோர்ஸ். நெஞ்சில் இயந்திர இதயம் வைத்த, குரல் உயராத, எந்த ஆபத்திலும் முதலில் வியந்து அப்புறம் பயப்படுகிற ஒரு மனிதர்.

பெர்க்மன் யார் என்பதைக் காட்ட ஒரு காட்சி போதும். ‘பிளாக் சன்’ என்ற அத்தியாயத்தில் நிலவு ஒரு கருந்துளையை நோக்கிப் போகிறது. தப்பிக்க வழியில்லை. பெர்க்மன் தளத்தைச் சுற்றி ஒரு காப்பு வேலியை அமைக்கிறார், அது தாங்குமா என்று அவருக்கே தெரியாது. செய்ய வேண்டியதை எல்லாம் செய்து முடித்த பிறகு கோனிக்கும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு கோப்பை பிராந்தியை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். இவ்வளவு தூரம் நாம் பிழைத்து வந்தது தற்செயலா, யாராவது கைபிடித்துக் கூட்டி வந்தார்களா என்று. சண்டை இல்லை, ஓட்டம் இல்லை. சாவு பக்கத்தில் வந்து நிற்கும்போது இரண்டு பேர் நிதானமாகப் பேசுகிறார்கள். எங்கள் பெரியவர் அந்த அத்தியாயத்தை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். மில் கடைசியாக ஓடிய நாட்களில், ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்களாம். “இப்படித்தான் தம்பி இருக்கும்” என்றார்.

மாறியது எவ்வளவு

இரண்டாவது சீசன் 1976 ஜனவரியில் படப்பிடிப்பு தொடங்கி அந்த வருடக் கடைசியில் முடிந்தது. மறுபடி 24 அத்தியாயங்கள். இடைப்பட்ட காலத்தில் சில்வியாவும் ஜெர்ரியும் பிரிந்தார்கள். சில்வியா தொடரை விட்டே விலகினார். ராய் விலகியது. புதிய தயாரிப்பாளராக அமெரிக்காவிலிருந்து ஃப்ரெட் ஃப்ரைபர்கர் வந்தார்.

அவர் வந்த பிறகு மாறாதது குறைவு. முதல் சீசனில் ‘மெயின் மிஷன்’ என்று ஒரு பெரிய கட்டுப்பாட்டுக் கூடம் இருந்தது. உயரமான ஜன்னல்கள், வெளியே சாம்பல் நிற நிலவுத் தரை, மேலே படிக்கட்டோடு ஒரு தளம். ஆட்கள் அதில் சின்னதாகத் தெரிவார்கள். இரண்டாவது சீசனில் அந்தக் கூடமே இல்லை. நிலவுத் தரைக்கு அடியில் நெருக்கமான, திரைகளும் விளக்குகளும் நிறைந்த ‘கமாண்ட் சென்டர்’ வந்தது. உடையும் மாறியது. ரூடி கெர்ன்ரைக் வடிவமைத்த வெளிர்நிற உடையில் இடது கை மட்டும் வேறு நிறம். அந்த நிறத்தை வைத்து ஆள் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம். கோனிக்குக்குக் கறுப்பு, மருத்துவருக்கு வெள்ளை. இரண்டாவது சீசனில் அதன்மேல் ஜாக்கெட், அதில் அடையாளப் பட்டைகள். பாரி கிரேயின் இசைக்குழு முழக்கம் போய் டெரெக் வாட்ஸ்வொர்த்தின் துள்ளல் இசை வந்தது. பிரையன் ஜான்சன் செய்த ‘ஈகிள்’ விண்கலம் மட்டும் அப்படியே இருந்தது. முன்பின் இரண்டு பக்கமும் கூண்டு வைத்த அந்தக் கலத்தைப் பார்த்ததும், “அப்பாடா, இதாவது இருக்கே” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

ஆட்களில் பெர்க்மன் மட்டும் போகவில்லை. கோனிக்குக்கு அடுத்த நிலையில் இருந்த பால் மாரோ, கணினியைப் பார்த்துக்கொண்ட டேவிட் கானோ இருவரும் இல்லை. அவர்கள் இடத்தில் டோனி வெர்டெஸ்கி வந்தார். முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தவர் போல எல்லோரும் அவரோடு பழகுகிறார்கள். யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

அப்புறம் மாயா. சைக்கான் கிரகத்துப் பெண். உயிருள்ள எதன் வடிவத்தையும் ஒரு மணி நேரம் எடுக்கக்கூடியவள். கேத்தரின் ஷெல் நடித்தார். முதல் அத்தியாயமான ‘தி மெட்டமார்ஃப்’பில் அவள் அப்பா மென்டர், தன் கிரகத்தை மீட்க மற்றவர்களின் மூளைச் சக்தியை உறிஞ்சுகிறார். அது தெரிந்ததும் மகள் உடைந்துபோகிறாள். கிரகமும் அப்பாவும் அழிய, கோனிக் அவளை ஆல்ஃபாவுக்குக் கூட்டி வருகிறார்.

மாயாவைப் பற்றி ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவள் நல்ல பாத்திரம். என் அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். முதல் சீசன் முழுக்கப் பாயில் படுத்துத் தூங்கியவள், மாயா வந்ததும் எழுந்து உட்கார்ந்தாள். “மாமா, இவங்களுக்கு வீடே இல்ல, ஆனா அழுதுகிட்டே இருக்கல பாருங்க” என்றாள். இரண்டாவது சீசனைக் குப்பை என்று ஒதுக்கும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம். கோனிக்கும் ஹெலினாவும் மனம் விட்டுப் பேசிக்கொள்வது, டோனி வீட்டுப் பக்குவத்தில் பீர் காய்ச்சி எல்லோரையும் குடிக்க வைப்பது, இதெல்லாம் முதல் சீசனில் இல்லாத வீட்டு வாசனை. மாற்றத்தில் பாதி நல்ல மாற்றமே.

ஏன் மாற்றினார்கள்

அமெரிக்காவில் மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களும் இந்தத் தொடரை வாங்கவில்லை. ஐடிசி அதை ஊர் ஊராகத் தனி நிலையங்களுக்கு விற்றது. முதல் சீசன் முடிந்ததும் தொடரை நிறுத்திவிடும் நிலை வந்தது. அப்போது ஜெர்ரியும் ஃப்ரைபர்கரும் ஒரு வேற்றுக்கிரகப் பெண்ணைத் தளத்தில் குடியேற்றும் யோசனையைக் கொண்டுபோய்த்தான் இரண்டாவது சீசனுக்கு அனுமதி வாங்கினார்கள். அமெரிக்கச் சந்தைக்கு வேகம் வேண்டும், சிரிப்பு வேண்டும், நெருக்கம் வேண்டும். பாரி மோர்ஸோடு ஒப்பந்தப் பேச்சு படியவில்லை. பணமும் நேரமும் இறுகின.

நேரம் இறுகியது திரையிலேயே தெரியும். இரண்டு அத்தியாயங்களை ஒரே சமயத்தில் இரண்டு குழுவாகப் பிரிந்து எடுத்தார்கள். அதனால்தான் ‘டோர்சாக்’ அத்தியாயத்தில் கோனிக் இல்லை. அதே வேளையில் எடுத்த ‘டெவில்ஸ் பிளானட்’ அவரைச் சுற்றியே நடக்கிறது. ஃப்ரைபர்கரே சார்லஸ் வுட்குரோவ் என்ற புனைபெயரில் மூன்று கதைகள் எழுதினார். அதில் ஒன்றில் கோனிக்கும் மாயாவும் ஒரு கிரகத்தில் பூவைப் பறித்து, பழத்தைத் தின்றதற்காக மரங்கள் அவர்கள்மேல் கொலைக்குற்றம் சாட்டுகின்றன.

ஃப்ரைபர்கர்மேல் ரசிகர்களுக்கு ஆறாத கோபம் உண்டு. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் மூன்றாவது சீசனையும் அவர்தான் தயாரித்தார். அதோடு அந்தத் தொடர் நின்றது. இதற்கும் அவர் வந்தார், இதுவும் நின்றது. இது நியாயமில்லை என்று நினைக்கிறேன். ‘ஸ்டார் ட்ரெக்’ மூன்றாவது சீசனைப் பட்ஜெட்டைக் குறைத்து, வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளிவிட்ட பிறகே அவர் கையில் கொடுத்தார்கள். சீரியஸான நோயாளியைக் கடைசி நேரத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டு டாக்டரைத் திட்டுவது நம் ஊரிலும் நடப்பதுதான்.

ஆனால் ஒரு தவறு அவருடையது. அதை நான் மன்னிக்கத் தயாரில்லை. ‘தி மெட்டமார்ஃப்’ எழுதப்பட்டபோது, பழுதான விண்வெளி உடையால் பெர்க்மன் இறந்துபோனார் என்று ஒரு பேச்சு அதில் இருந்தது. ஒளிபரப்பான அத்தியாயத்தில் அது இல்லை. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. செலவு எதுவும் கிடையாது. எங்கள் பெரியவர் என்னிடம் கேட்ட கேள்விக்கான பதிலை எழுதி, வெட்டி எறிந்திருக்கிறார்கள்.

342-ம் 877-ம்

இரண்டாவது சீசனில் ஹெலினா நாட்குறிப்புபோல, பூமியின் சுற்றுப்பாதையை விட்டு இத்தனையாவது நாள் என்று சொல்வார். ‘தி மெட்டமார்ஃப்’ நடப்பது 342-வது நாள். சரி. ஆனால் முதல் சீசனின் கடைசிப் பகுதியில் வரும் ‘டிராகன்ஸ் டொமைன்’ அத்தியாயத்தில் அதே ஹெலினா 877-வது நாள் என்கிறார். அதில் பெர்க்மன் உயிரோடு இருக்கிறார். மாயா இல்லை.

கல்லூரிப் பையன் உடனே மொபைலில் கணக்குப் போட்டான். 1999 செப்டம்பர் 13-லிருந்து 342 நாள் என்றால் 2000 ஆகஸ்ட் 20. 877 நாள் என்றால் 2002 பிப்ரவரி 6. அதாவது மாயா வந்து சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்து, மாயாவே இல்லாத ஆல்ஃபாவில் பெர்க்மன் உட்கார்ந்திருக்கிறார். தனித்தனி நிலையங்கள் இஷ்டத்துக்கு வரிசை மாற்றிப் போட்ட காலம், யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். பார்ப்பவர் கணக்கு வைத்திருக்கிறார் என்ற எண்ணம் இருந்திருந்தால் 342-க்குப் பதில் 900 என்று எழுதியிருப்பார்கள். ஒரு எண்ணை மாற்றுவதுதான் வேலை. பெர்க்மனைப் பற்றிய அந்தப் பேச்சை வெட்டிய கையும் இந்த எண்ணை எழுதிய கையும் ஒரே மாதிரி அலட்சியமானவை.

“இவருக்குப் பதில் இவர்”

எதிர்வீட்டு அக்கா தினமும் மூன்று சீரியல் பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்னது: “இவருக்குப் பதில் இவர்னு ஒரு கார்டு போட்டா முடிஞ்சுது. எத்தனை மருமகள் மாறியிருக்காங்க, நாங்க பார்க்கலையா?”

இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. நம் சீரியல்களில் நேற்று வரை ஒரு முகம், இன்று வேறு முகம். கீழே ஒரு வரி ஓடும். ஐந்து நிமிடத்தில் புது ஆளைப் பழைய பெயரில் கூப்பிடப் பழகிவிடுவோம். தெருக்கூத்திலும் அப்படித்தான். கடலூர், விழுப்புரம் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து இரவு இரவாக நடக்கும். முந்தாநாள் ஒருவர் கட்டிய வேஷத்தை இன்று வேறொருவர் கட்டுவார். திரைக்குப் பின்னால் ஆள் நிற்கும்போதே கட்டியக்காரன் வந்து, வருவது யார் என்று சபைக்குச் சொல்லிவிடுவான். சொல்லியாகிவிட்டது என்பதால் ஊர் ஏற்றுக்கொள்ளும்.

வெளிநாட்டுத் தொடர்களிலும் இதைச் சரியாகச் செய்தவர்கள் உண்டு. 1966-ல் ‘டாக்டர் ஹூ’வின் நாயகன் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நிலை மோசமானபோது, டாக்டரின் உடலே புதுப்பித்துக்கொள்ளும் என்று கதையில் எழுதி பாட்ரிக் ட்ரோட்டனைக் கொண்டுவந்தார்கள். அந்தத் தொடர் அத்தனை காலம் ஓடியதற்கு அதுவும் ஒரு காரணம். ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ இரண்டாவது சீசனில் டாக்டர் க்ரஷர் இல்லை, விண்படையின் மருத்துவத் துறைக்குத் தலைமை ஏற்கப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது சீசனில் அவர் திரும்பி வந்தபோது கதவு திறந்தே இருந்தது.

இந்த வகையில் என் மனதுக்கு நெருக்கமானது ‘பாபிலோன் 5’. முதல் சீசனில் விண்வெளி நிலையத்தின் தளபதி ஜெஃப்ரி சின்க்ளேராக நடித்தவர் மைக்கேல் ஓ’ஹேர். அவருக்குக் கடுமையான மனநோய். தொடரை எழுதிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி, எந்தப் பாத்திரம் எப்போது விலக நேர்ந்தாலும் கதை உடையாதபடி முன்கூட்டியே வழி வைத்து எழுதுபவர். இரண்டாவது சீசனில் சின்க்ளேரை மின்பாரி கிரகத்துக்குத் தூதராக அனுப்பிவிட்டு, ஜான் ஷெரிடன் என்ற புதிய தளபதியை வரவழைத்தார். மூன்றாவது சீசனில் ஓ’ஹேர் திரும்பி வந்து நடித்தார். சின்க்ளேரின் கதை முழுமை பெற்றது. விலகியதன் உண்மைக் காரணத்தை 2012-ல் ஓ’ஹேர் இறந்த பிறகுதான் ஸ்ட்ராசின்ஸ்கி வெளியே சொன்னார். நடிகரின் ரகசியத்தையும் காப்பாற்றினார், பார்ப்பவரையும் அம்போ என்று விடவில்லை. ஒரு ஆள் போவதற்கு இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை.

கடலூரில் இரண்டாம் முறை

பெரியவரைப் போய்ப் பார்த்தேன். கோபம் ஒன்றும் இல்லை. “மில்லில மேஸ்திரி மாறினாக்கூட கேட்டுல நோட்டீஸ் ஒட்டுவாங்க தம்பி. இருபது வருஷம் கூட நின்னவன் ஒரு நாள் வரலைன்னா, அவன் வீட்டுக்கு ஆள் அனுப்புவோம். இவங்க யாரும் அந்த மனுஷனைத் தேடவே இல்லையே. அவங்க கூட நான் எதுக்கு உட்காரணும்?”

அது மனதில் தங்கிவிட்டது. தேடவே இல்லை என்பதுதான் விஷயம். பாத்திரம் போனதைவிட, இருந்தவர்கள் அதைக் கவனிக்காத மாதிரி நடந்துகொண்டது அவரைச் சுட்டிருக்கிறது. முதல் சீசனில் பெர்க்மனோடு பிராந்தி குடித்த கோனிக், இரண்டாவது சீசனில் அவர் பெயரைக்கூட உச்சரிக்காதபோது, கோனிக்கும் அதே முகம் கொண்ட வேறு ஆளாகிவிடுகிறார். போனது ஒருவர் என்று நினைத்தோம். உண்மையில் இருந்தவர்களையும் இழந்தோம்.

கோடை விடுமுறையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அண்ணன் வீட்டில் பத்து நாள் தங்கினேன். புரொஜெக்டரையும் எடுத்துப் போயிருந்தேன். அண்ணி, பிள்ளைகள், மேல் போர்ஷனில் குடியிருக்கும் குடும்பம், எல்லோரும் பலாச்சுளைத் தட்டோடு கூடத்தில் உட்கார்ந்தார்கள். முதல் சீசனிலிருந்து நல்ல அத்தியாயங்களாக எட்டைப் பொறுக்கிப் போட்டேன். ‘பிளாக் சன்’ அதில் உண்டு. இங்கேயும் பெர்க்மன்தான் எல்லோருக்கும் பிடித்தவர்.

ஒன்பதாம் நாள் ‘தி மெட்டமார்ஃப்’. போடும் முன் பிள்ளைகளின் டிராயிங் சார்ட் ஒன்றை வாங்கி, பெரிய எழுத்தில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன்: ‘பேராசிரியர் பெர்க்மன் விண்வெளி உடை பழுதானதால் இறந்துவிட்டார். பால், கானோ இருவரும் தளத்தில் வேறு வேலைக்கு மாறியிருக்கிறார்கள்.’ முதல் வரி எழுதி வெட்டப்பட்டது. இரண்டாவது வரி நானாகச் சேர்த்தது.

எட்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அதுவும் எட்டு அத்தியாயம் பார்த்தவர்களும் 24 பார்த்தவர்களும் ஒன்றல்ல. இருந்தாலும் அன்று கூடத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மேல் போர்ஷன்காரர் சார்ட்டைச் சத்தமாகப் படித்தார். சின்னவன், “அய்யய்யோ, அந்தத் தாத்தாவா?” என்றான். அண்ணி பலாச்சுளையை வாயருகே கொண்டுபோனவர் தட்டிலேயே திருப்பி வைத்தார். கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.

“பாவம், அந்த மனுஷன்” என்றார் அண்ணி. அப்புறம் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, “சரி தம்பி, போடுங்க.”